கதவுக்கு அந்தப் பக்கம் சரண்

இது நடந்தது. வாய்க்கு வாய் மாறி வந்த கதை இல்லை. மோகனப்பிரியா என்ற பெண்ணுக்கு நடந்தது. இன்றைக்கும் அவள் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போய் வந்துகொண்டிருக்கிறாள். அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். அந்தக் குடியிருப்பின் பெயரை மட்டும் சொல்லப் போவதில்லை. அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று. இது நடுராத்திரியில் நடக்கவில்லை. மதியச் சாப்பாடு முடிந்து, எதிர்வீட்டு டிவியும் அணைந்து, மொத்தக் கட்டடமும் கண்ணயர்ந்திருக்கும் நேரம் ஒன்று உண்டல்லவா... அந்த நேரத்தில் நடந்தது.

காட்டுப்பாக்கத்தில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது அந்தக் கட்டடம். நான்கு மாடி. மூன்றாவது மாடியில் மோகனப்பிரியாவின் குடும்பம். அப்பா தட்சிணாமூர்த்தி ஐ.டி. கம்பெனியில் மேனேஜர். அம்மா சரசா தனியார் பள்ளியில் டீச்சர். தென்காசிப் பக்கத்துக்காரர்கள். மகள் எட்டாவது படிக்கும்போது இங்கே வந்தவர்கள்.

சரண் உள்ளூர்ப் பையன். அந்தக் கட்டடம் நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் நெல் விளைந்தது. நாற்று நட்டது அவன் வீட்டுப் பெண்கள். நிலம் வேறு யாருடையதோ. இப்போது அதே இடத்துக்கு அவன் தண்ணீர் கேன் போட வந்தான். லிப்ட் பாதி நாள் ஓடாது. கேனைத் தோளில் ஏற்றிக்கொண்டு மூன்று மாடியும் ஒரே மூச்சில் ஏறிவிடுவான். நடுவில் எங்கும் இறக்கி வைக்க மாட்டான். அதில் அவனுக்கு ஒரு பெருமை. வாசலில் 'தொம்' என்று வைப்பான். இரும்பு கிரில்லில் விரலால் இரண்டு தட்டு.

டக்... டக்.

அவள் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். அவனுக்கு இருபத்தொரு வயது. எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. உங்க ஊட்ல மட்டும் தண்ணி இன்னாத்துக்கு இவ்ளோ சீக்கிரம் தீருது என்று ஒரு நாள் அவன் கேட்டானாம். அவள் சிரித்தாளாம். தண்ணீர் தீரவில்லை. பால்கனிச் செடிகளுக்கு ஊற்றித் தீர்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் போனில் அவன் பெயர் 'தண்ணி கேன்'. அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இன்னா, மூணாவது மாடி" என்பான். அந்தப் பெயரை அவன் வாயால் மட்டும்தான் அவள் கேட்டிருக்கிறாள். அவளாக ஒரு தரம்கூட உச்சரித்ததில்லை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து பேசுவார்கள். அவன் 'கீது', 'வந்துகினு' என்று பேசுவதை அவள் கிண்டல் செய்வாள். அவள் தென்காசிப் பேச்சை அவன் கிண்டல் செய்வான்.

மாட்டிக்கொண்டதும் அந்தப் போனால்தான். மூன்று பேர் இருக்கும் வீட்டுக்குத் தண்ணீர் கேன்காரன் ராத்திரியில் எதற்கு இத்தனை தடவை கூப்பிடுகிறான் என்று அப்பா யோசித்தார். யோசித்த மறுநாள் அவளிடம் போன் இல்லை. அந்த வாரமே தென்காசியில் அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். யாரும் அடிக்கவில்லை, கத்தவில்லை. அவன் தூக்கி வரும் தண்ணீரைக் குடிக்கலாம், அவனுக்குப் பெண் கொடுக்க முடியாது. அதைச் சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். வீட்டுச் சமையலறையில் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் ஒன்றை மாட்டினார்கள். கேன் வாங்குவது நின்றது.

இரண்டு மாதம் கழித்து, பரீட்சை வருகிறது என்று அவளைத் திரும்பக் கூட்டி வந்தார்கள். வந்த அன்றே அம்மா சொன்னாள். வெங்காயம் உரித்துக்கொண்டே, மகள் முகத்தைப் பார்க்காமல்.

"அந்தத் தண்ணி கேன் பையன் போயிட்டானாம்ட்டி. குமணன்சாவடி பக்கம். லாரி இடிச்சிருக்கு. காரியமும் முடிஞ்சிட்டு. இனி அதப் பத்திப் பேச வேண்டாம்."

அவள் குளியலறைக்குப் போனாள். குழாயை முழுசாகத் திறந்துவிட்டு அழுதாள். வெளியே வந்து சாப்பிட உட்கார்ந்தாள்.

அவளிடம் அவன் போட்டோகூட இல்லை. எல்லாம் அந்தப் போனில் இருந்தது. அவனுக்காக அழ அவளுக்கு ஒரு ஆள் இல்லை, ஒரு இடம் இல்லை. அவள் யார் என்று அவன் வீட்டுக்கும் தெரியாது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம். பரீட்சைக்குப் படிக்க விடுமுறை விட்டிருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விட்டால் சாயங்காலம் வரை வீட்டில் அவள் ஒருத்திதான்.

அன்று மதியம் கூடத்தில் புத்தகத்தை வைத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

தொம்.

எழுந்து உட்கார்ந்தாள்.

டக்... டக்.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். கிரில்லுக்கு வெளியே யாரும் இல்லை. லிப்ட் தரைத்தளத்தில் நின்றிருந்தது. படிக்கட்டில் காலடிச் சத்தம் இல்லை.

தரையில் மட்டும் ஈரம். வட்டமாக. ஒரு கேனின் அடிப்பாகம் அளவுக்கு.

எதிர்வீட்டுக்கு வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாளும் அதே சத்தம், அதே ஈர வட்டம். அவள் கீழே இறங்கிப் போய் வாட்ச்மேன் அழகேசனைக் கேட்டாள். கேட்டைத் தாண்டி யாரும் உள்ளே வரவில்லை என்றார் அவர். கேன் போடுகிற வண்டி இப்போதெல்லாம் காலையிலேயே வந்துவிட்டுப் போய்விடுகிறதாம்.

மூன்றாம் நாள் சத்தம் கேட்டபோது அவள் கதவைத் திறக்கவில்லை. மரக்கதவில் கன்னத்தை வைத்துக்கொண்டு மெல்லக் கேட்டாள்.

"சரண்... நீயா?"

மழைச் சத்தம் மட்டும். பிறகு கதவுக்கு அந்தப் பக்கம், மிகப் பக்கத்தில்,

"நீயா?"

அவன் குரல்தான். சந்தேகமே இல்லை.

பயமாக இருந்ததா என்று நான் கேட்டேன். இல்லை என்றாள். கதவோடு சரிந்து உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாளாம். சந்தோஷத்தில். அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது என்றாள்.

அதற்கப்புறம் தினமும் அவன் வந்தான். கதவைத் திறந்தால் இருக்க மாட்டான். திறக்காவிட்டால் இருப்பான். அதனால் அவள் திறப்பதை விட்டுவிட்டாள். சாப்பாட்டைத் தொடாமல் கதவோரமே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். தென்காசியில் இருந்ததை, போன் இல்லாமல் தவித்ததை, கடைசியாக அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் போனதை, எல்லாவற்றையும் சொன்னாள். நான் இங்கே தனியா இருக்கேன் என்றாள். உன்கூட வாரேன் என்றும் ஒரு நாள் சொன்னாள்.

அவன் அதிகம் பேச மாட்டான். ஒன்றிரண்டு வார்த்தை. அதுவே அவளுக்குப் போதும்.

பத்து நாள் இப்படிப் போயிருக்கும். சரசா மகளைப் பார்த்துவிட்டு, ஏட்டி, ஏன் இப்படி மெலிஞ்சு போற என்று கேட்டாள். படிப்பு என்று இவள் சமாளித்தாள்.

ஆனால் அந்தப் பத்து நாளில் சின்னச் சின்னதாக ஏதோ உறுத்த ஆரம்பித்திருந்தது.

குரல் முதலில் அவள் காதுக்கு நேராகக் கேட்டது. ஒரு ஆள் நின்று பேசினால் எங்கே கேட்குமோ அங்கே. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இப்போது கதவுக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் இடுக்கிலிருந்து கேட்கிறது.

அவன் 'இன்னா' என்று சொல்வதே இல்லை. 'என்ன' என்கிறான். 'கீறேன்' இல்லை, 'இருக்கேன்'. ஒரு நாள் 'வாரேன்' என்றான். சரண் வாயில் 'வாரேன்' வராது. அது தென்காசிப் பேச்சு.

அவள் பேச்சு.

இன்னொன்றையும் அவள் கவனித்தாள். சாப்பிட்டியா என்று கேட்டால், சாப்பிட்டியா என்றுதான் வந்தது. அவள் சொல்லாத ஒரு வார்த்தையை அவன் இதுவரை சொல்லவே இல்லை.

கவனித்தாள். ஆனாலும் மறுநாள் கதவோரம் போய் உட்கார்ந்தாள். இழந்தவர்கள் அப்படித்தான். குரல் கிடைத்தால் போதும் என்றிருக்கும்.

அன்று செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்தே நல்ல மழை. மதியம் கரண்ட் போய்விட்டது. வீடு முழுக்க ஒரு சாம்பல் வெளிச்சம்.

தொம்.

டக்... டக்.

அவள் வாய் திறக்கும் முன்பே இடுக்கிலிருந்து குரல் வந்தது.

"தனியா இருக்கேன். மாடிக்கு வா."

தனியா இருக்கேன் என்று அவள்தான் போன வாரம் சொன்னாள். முன்னால நான் மாடிக்கு வான்னு சொன்னா உடனே வருவியே என்றும் அவள்தான் சொன்னாள்.

தெரிந்தேதான் கதவைத் திறந்தாள்.

வாசலில் ஈர வட்டம். படிக்கட்டின் முதல் படியில் இன்னொன்று. மேலே, கண்ணுக்குத் தெரியாத திருப்பத்தில், தொம். ஏதோ இறக்கி வைக்கிற சத்தம். அவள் நான்கைந்து படி ஏறினாள். அதற்கும் மேலே... தொம்.

ஒவ்வொரு திருப்பத்திலும் அது இறக்கி வைத்து, அவளுக்காகக் காத்திருந்து, பிறகு ஏறியது.

சரண் நடுவில் இறக்கி வைக்க மாட்டான்.

கால் நிற்கவில்லை. ஏறிக்கொண்டே இருந்தது.

அவள் தென்காசியிலிருந்து திரும்பியதிலிருந்தே மொட்டை மாடிக் கதவு பூட்டித்தான் இருந்தது. சாவி அழகேசனிடம். இன்று விரியத் திறந்து கிடந்தது. மழை சாய்வாக அடித்தது. தொட்டிகளுக்குப் பக்கத்தில் அவன் நின்றான். அதே நீலச் சட்டை. தோளில் கேன்.

கேன் முகத்தை மறைத்தது. அவள் இடது பக்கமாக நகர்ந்தாள். கேனும் நகர்ந்தது. வலது பக்கம் வந்தாள். மறுபடியும் கேன்தான் நடுவில். அவன் திரும்பினதாகவே தெரியவில்லை. முகம் மட்டும் வரவில்லை.

மழை அவன் மேல் விழுந்தது. விழுந்த சத்தம் இல்லை.

"வா," என்றது.

அவள் போனாள். இன்னும் கொஞ்சம் பக்கத்தில். ஏதோ ஒன்றின் மேல் ஏறினாள். என்ன என்று பார்க்கவில்லை. அவன் சட்டையைத் தொட்டுவிடலாம் போல இருந்தது.

அப்போதுதான் ஏதோ ஒரு புத்தி. கடவுள் கொடுத்த புத்தி என்கிறாள் அவள்.

"நீ என்னை என்னன்னு கூப்பிடுவே?"

மழை மட்டும்.

"என்னன்னு கூப்பிடுவே?" என்றது.

"நீ சொல்லு."

"நீ சொல்லு."

"சரண்... ஒரே ஒரு தரம். என்னைக் கூப்பிடு."

கேன் மெல்ல ஆடியது.

"பிரியா..."

அம்மாவின் குரல்.

"மோகனப்பிரியா."

அப்பாவின் குரல்.

"ஏட்டி..."

பக்கத்தில் வந்தது.

"ஏட்டி... பிரியா... ஏட்டி..."

இன்னும் பக்கத்தில்.

சரண் கூப்பிடும் அந்த ஒரு பெயர் மட்டும் அதற்குத் தெரியவில்லை.

"நீ சரண் இல்ல," என்றாள்.

எல்லாம் நின்றது.

காலுக்குக் கீழே பார்த்தாள். தொட்டி வைத்திருக்கும் மேடையின் விளிம்பில் நின்றிருந்தாள். அந்தப் பக்கம் கைப்பிடிச் சுவர் இல்லை. பாதத்தில் பாதி, வெளியே. நான்கு மாடிக்குக் கீழே அழகேசனின் பிளாஸ்டிக் நாற்காலி மழையில் நனைந்துகொண்டிருந்தது.

பின்னால் சாய்ந்தாள். முதுகு அடிபட மாடித் தரையில் விழுந்தாள். விழுந்த இடத்திலேயே, காதுக்குள், அவளுடைய சொந்தக் குரல் கேட்டது.

"நீ சரண் இல்ல."

எப்படி இறங்கி ஓடினாள் என்று அவளுக்கு நினைவில்லை. வேலை முடிந்து வந்த சரசா பார்த்தது, அழகேசனின் அறையில் ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த மகளைத்தான்.

அன்று ராத்திரி மோகனப்பிரியா அம்மாவிடம் ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லி முடித்து அம்மா மடியில் விழுந்து, சரண் செத்துப்போனான்மா என்று வாய்விட்டு அழுதாள். அவன் போனதற்கு அவள் சத்தமாக அழுதது அதுதான் முதல் தடவை. சரசா திட்டவில்லை. மகளின் தலையைத் தடவிக்கொண்டே விடிய விடிய உட்கார்ந்திருந்தாள். விடிந்ததும் மகளுக்குக் காய்ச்சல். ஒரு நாள் முழுக்க எழுந்திருக்கவில்லை.

வியாழக்கிழமை சரசா பள்ளிக்கூடத்துக்கு லீவு சொன்னாள். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்றாள். அவன் வீட்டுக்குப் போகலாம், அவன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு தடவை அழுதுவிடு, அப்போதுதான் இது உன்னை விடும் என்றாள். சில வாரத்துக்கு முன்னால் அதைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்ற அதே அம்மாதான். வழியில் மாலை வாங்கிக்கொண்டாள்.

ஊருக்குள், ஒரு சந்தில் சின்ன வீடு. சரணின் அம்மா அங்கம்மா வாசலில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மோகனப்பிரியா அவளை அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

அங்கம்மா நிமிர்ந்தாள். முகத்தில் ஆச்சரியம் இல்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"வா கண்ணு. இன்னிக்கி அம்மாவையும் இட்டுகினு வந்துகீற."

சரசா குழம்பிப்போய், நாங்கள் இப்போதுதான் முதல் தடவை வருகிறோம் என்றாள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், என் பெண் உங்கள் பையனுக்குப் பழக்கம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"பழக்கம்னு தெரியும்மா," என்றாள் அங்கம்மா. "அதான் தெனிக்கும் வருதே. மத்தியானத்துல வந்து கதவாண்ட நின்னுகினு, சரண அனுப்புங்க, சரண அனுப்புங்கன்னு ஒரே கேள்வி. உள்ள வாம்மான்னா வராது. செத்துப்பூட்டான் கண்ணுன்னு சொன்னா காதுலயே வாங்காது."

மோகனப்பிரியாவின் விரல்களை சரசா இறுக்கிப் பிடித்தாள்.

அந்தப் பெண்ணைப் பார்க்க முதலில் பயமாகத்தான் இருந்தது என்று அங்கம்மா சொன்னாள். மழையில் வரும், ஆனால் தலை நனைந்திருக்காது. பிறகு பழகிவிட்டது. என் பிள்ளைக்காக அழ இந்த உலகத்தில் இன்னொரு ஜீவனும் இருக்கிறதே என்று ஒரு ஆறுதல். காரியம் முடிந்த பிறகும் சரண் அந்த வீட்டை விட்டுப் போகவில்லையாம். ராத்திரியில் அவன் புரண்டு படுப்பது அவளுக்குக் கேட்குமாம். அவன் இருக்கிறான் என்கிற தைரியத்தில்தான் அவளும் உயிரோடு இருந்தாளாம்.

"முந்தாநேத்து, கரண்டு இல்லாத அன்னிக்கி, வெளக்கு வெக்கிற நேரத்துல வந்தே பாரு," என்றாள் மோகனப்பிரியாவைப் பார்த்து. "அழுதுகினே வந்தே. எனக்கும் மனசு தாங்கல. உசுரோட இருந்தப்போதான் உங்கள யாரும் சேத்து வெக்கல. இப்ப நான் ஒருத்தி எதுக்குக் குறுக்க நிக்கணும்? சரி கண்ணு, இட்டுகினு போன்னு சொல்லிட்டேன்."

மோகனப்பிரியாதான் கேட்டாள். அப்புறம் என்ன ஆச்சு?

"நீ திரும்பி நடந்தே. உன் பின்னாடியே இன்னொரு காலடிச் சத்தம். எம் புள்ள நடை எனக்குத் தெரியாதா?"

அங்கம்மா எழுந்து வந்தாள். மோகனப்பிரியாவின் கன்னத்தை ஈரக் கையால் தொட்டாள்.

"அன்னிலேர்ந்து ஊட்ல ஒரு சத்தமும் இல்ல கண்ணு. நல்லா கீறானா? உன்கூடத்தானே கீறான்?"

செவ்வாய்க்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் மோகனப்பிரியா அழகேசனின் அறையில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். சரசா பக்கத்திலேயே இருந்தாள். இரண்டு பேருக்கும் அது தெரியும்.

"என்கூடத்தான் இருக்கான்மா," என்றாள் மோகனப்பிரியா.

அங்கம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. உட்காருங்கள், காபி போடுகிறேன் என்று உள்ளே போனாள்.

அந்த மாதமே அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு ஆவடிக்குப் போய்விட்டார்கள். மோகனப்பிரியாவின் கதவை அதற்கப்புறம் யாரும் தட்டவில்லை. இப்போதும் மாதத்துக்கு ஒரு முறை அங்கம்மாவைப் பார்க்கப் போகிறாள். ஒவ்வொரு தடவையும் அங்கம்மா அதையே கேட்கிறாள். இவளும் அதையே சொல்கிறாள்.

அன்று மாலை அவன் யாரோடு போனான், எங்கே போனான்... அது மட்டும் இன்றுவரை அவளுக்குத் தெரியாது.